கடைசி இரண்டு வரிசைகள்

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி ஏற்றி இறக்கும் எட்டுப் பேருக்கு அவள் தலைவி. இருபத்திரண்டு வருடங்களாகச் சுமை தூக்கி உரமேறிய தோள், வெயிலில் வெந்து கறுத்த முகம், ஒரு பெட்டியைக் கண்ணால் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடும் அனுபவம். அவளைவிட ஒன்பது வயது இளைய தங்கையும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். ஆனால் மேலே, விமானப் பணிப்பெண்ணாக. "ஒரே விமானம். அக்காவுக்கு வயிறு, தங்கச்சிக்கு முகம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே பேருந்தில் வேலைக்குப் போனார்கள். மனஸ்தாபம் என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை, அந்த நாய் விவகாரம் வரும்வரை.

அன்று உச்சி வெயில். வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போகும் ஒரு நர்ஸ் தன் நாயைக் கூண்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். பொத்தான் என்று பெயர். பயணிகள் பகுதிக்குள் நாயை விடக்கூடாது என்பது விதி. அதனால் அது சரக்கு அறையில் போக வேண்டும்.

"ரொம்பப் பயந்த சுபாவம்க்கா, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றாள் நர்ஸ்.

"கவலைப்படாதீங்கம்மா. நானே ஏத்துறேன்" என்றாள் மேஸ்திரி. சொன்னபடியே பெட்டிகளையெல்லாம் ஏற்றி முடித்து, கடைசியாகக் கதவோரம் கூண்டை வைத்துப் பட்டையால் இறுக்கினாள். கதவு மூடியது.

அதற்குப் பிறகுதான் என்ஜினில் ஏதோ கோளாறு என்றார்கள். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. தரையிலிருந்து அனல் எழும்பியதில் கண் கூசியது. விமானம் ஓடாமல் நிற்கும்போது சரக்கு அறைக்குள் குளிர்காற்று போகாது என்பது மேஸ்திரிக்குத் தெரியும். வாக்கிடாக்கியை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள்.

"கதவைத் திறந்து நாயை இறக்கிக்கிறேன்."

"வேண்டாம். எப்ப வேணா கிளம்பும்."

இருபது நிமிடம் கழித்துக் கேட்டாள். அதே பதில். மறுபடியும் கேட்டாள். "சொன்னா புரியாதா?" என்று எரிந்து விழுந்தார்கள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த குரைப்பு நின்றுபோனதும் அவள் யாரையும் கேட்கவில்லை. ஏணியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். நேரம் கடந்துவிட்டது. பொத்தானின் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தண்ணீர் தெளித்தார்கள், நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

பயணிகளை இறக்கியபோது நர்ஸ் படியில் இறங்கி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கூண்டைப் பார்த்தாள், தன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"அது அஞ்சு கிலோதான். இந்தக் கைப்பை ஆறு கிலோ. இதை மேல விட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேஸ்திரிக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. மறுநாள் அலுவலகத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நாய் ஏற்கெனவே நோயுற்றிருந்தது என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் போதும்.

"போட மாட்டேன்" என்றாள்.

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம். அனுமதி இல்லாமக் கதவைத் திறந்தது நீங்க."

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

அவள் எழுதியது நாலே வரி. மூன்று முறை கேட்டேன், மறுத்தார்கள். நான்காவது முறை கேட்காமல் திறந்தேன். முதல் முறையே கேட்காமல் திறந்திருக்க வேண்டும். சின்ன நாய்களை இனி உரியவர் பக்கத்திலேயே, பயணிகள் பகுதியில் விட வேண்டும்.

அதோடு விடவில்லை. அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு மூன்று ஷிப்ட் ஆட்களிடமும் போனாள். "நாய்க்கெல்லாம் மனு எழுத ஆரம்பிச்சாச்சா மேஸ்திரி?" என்று சிரித்தவர்களும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி தூக்குகிறவர்களில் ஒரு தடவையாவது அந்த மாதிரிக் கூண்டைக் கையில் வாங்காதவர் யார்? நூற்றுச் சொச்சம் கையெழுத்து சேர்ந்தது. நிர்வாகம் வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை தங்கை சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க அக்கா. பணிப்பெண்கள் சார்பா நான் பேசணுமாம்."

"நல்லதாப் போச்சு."

"நான் வேணாம்னுதான் சொல்லப்போறேன்."

மேஸ்திரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "என்னடி சொல்றே?"

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போன வருடம் நடந்ததை அப்போதுதான் முதன்முறையாக விவரமாகச் சொன்னாள். ஒரு பயணி பைக்குள் குட்டிநாயை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணுக்கு நாய் முடி ஆகாது. விமானம் மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து ஊரில் இறங்க நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த நாற்பது நிமிடமும் தங்கை மண்டியிட்டு அவள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"பிழைச்சுட்டாங்க. ஆனா நீ ஒண்ணு யோசிச்சியாக்கா? நீ கதவுக்கு வெளியே நின்னே. திறக்கலாமா வேணாமான்னு உனக்கு ஒரு யோசனையாவது இருந்துச்சு. நான் உள்ளே நின்னேன். எனக்குத் திறக்கக் கதவே இல்ல."

மேஸ்திரிக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. தங்கைக்கு ஏழு வயதில் இழுப்பு இருந்தது. ஒருநாள் மூச்சு முட்டிக் கண் செருகியபோது, பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த இவள்தான் முதுகில் சுமந்துகொண்டு நாலு தெரு தாண்டி டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். காதோரம் கேட்ட அந்த 'கீச் கீச்' சத்தம் இன்றைக்கும் மறக்கவில்லை. வளர வளர இழுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் மூச்சு கிடைக்காமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று தங்கையிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் மேஸ்திரி கேட்டாள்: "அந்தப் பையில நாய் இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அந்தம்மாவை முன்னாடி கொண்டுபோய் உட்கார வெச்சிருப்பேன். இல்ல, அவனை இறக்கியிருப்பேன்."

"அப்போ தப்பு நாய் வந்ததுல இல்லடி. தெரியாம வந்ததுல."

"வாயால சொல்லிடலாம்க்கா. மேல வந்து நின்னு பாரு, தெரியும்."

"நீ கீழ வந்து நின்னு பாரு."

தங்கை இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். மறுநாள் காலையில் ஒரே பேருந்தில் ஏறினார்கள். ஆனால் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

கூட்ட அறையில் மேலாளர் நடுவில் இருந்தார். பக்கத்தில் நிறுவனத்தின் டாக்டர். மேஸ்திரி நின்றுகொண்டே பேசினாள். பொத்தானைப் பற்றிச் சொன்னாள், ஐந்து கிலோவையும் ஆறு கிலோவையும் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. பிறகு தங்கை பேசினாள். நாற்பது நிமிடத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். அக்காள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

டாக்டரிடம் கேட்டார்கள். "தள்ளி உட்கார வெச்சா ஆபத்து குறையும். சுத்தமா இல்லாமப் போகும்னு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் அவர்.

மேலாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். கோப்பை மூடினார். "அப்ப இப்படி முடிச்சுக்கலாம். மேலயும் வேணாம், கீழயும் வேணாம். இனிமே நம்ம விமானத்துல நாயே கிடையாது. பிரச்சினை தீர்ந்தது."

தலைவலி போகத் தலையையே வெட்டிவிடச் சொல்கிற தீர்ப்பு! மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"தீராது சார். நாய் வெச்சிருக்கவங்க ஊர் மாறாம இருப்பாங்களா? நீங்க ஏத்தலைன்னா இன்னும் நாலு பேர் ஒளிச்சுக் கொண்டுவருவாங்க. எனக்கு ஒளிச்சுவெச்ச நாய்தான் பயம்."

"இப்பத்தானே நாய் வேணாம்னு சொன்னீங்க?"

"எங்க இருக்குன்னு தெரியாத நாய் வேணாம்னு சொன்னேன்." சொன்னதும் தங்கை ஒரு கணம் நின்றாள். முதல் நாள் அக்காள் சொன்னதைத்தான் தானும் சொல்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஒரு தாளைத் திருப்பிப் போட்டு இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தாள். கடைசி இரண்டு வரிசை மட்டும். ஒரு பயணத்துக்கு இரண்டு நாய், அதற்குமேல் இல்லை. பையோடு சேர்த்து ஏழு கிலோவுக்குள். பையை இறங்கும்வரை திறக்கக்கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மற்ற பயணிகளுக்கும் அப்போதே தெரிவித்துவிட வேண்டும். யாருக்காவது நாய் முடி ஆகவே ஆகாது என்றால், நாய் அடுத்த விமானத்தில் போகட்டும்.

"ஏன், நாய்க்காரங்கதான் மாறணுமா?" என்று மேஸ்திரி கேட்டாள். அன்று காலையிலிருந்து தங்கையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாக்கா. மூச்சு முட்டுறவங்களுக்குத்தான் முதல் இடம். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

மேஸ்திரி தாளையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரி. நியாயம்தான். என் பங்குக்கு ஒண்ணு எழுதிக்கோ. ஏழு கிலோவுக்கு மேல உள்ளது கீழதான் வரும். விமானம் இருபது நிமிஷத்துக்கு மேல சும்மா நின்னா, யாரையும் கேட்காம நான் கதவைத் திறப்பேன்."

"அதெல்லாம் வாய்மொழியா இருக்கட்டும்மா" என்று மேலாளர் இழுத்தார்.

"எழுத்துலதான் வேணும்."

மேலாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு மணி நேர இழுபறிக்குப் பிறகு இரண்டு பேர் சொன்னதையும் எழுத்தில் போட்டு, மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கூடவே, அனுமதியின்றிக் கதவைத் திறந்ததற்காக மேஸ்திரிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். அதை வாங்கி, படித்துப் பார்த்து, "இதுல எல்லாம் உண்மைதான்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நர்ஸுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள் நர்ஸ். "ஆனா என்னால சந்தோஷப்பட முடியலக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பே இல்லம்மா" என்றாள் மேஸ்திரி. போனை வைத்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் பெட்டி ஏற்றப் போனாள்.

புது விதி வந்த பதினோராம் நாள் அதற்குச் சோதனை வந்தது. காலை விமானத்தில் ஓர் இளம்பெண், கடுமையான இழுப்புக்காரி, கடைசி நிமிடத்தில் இடம் வாங்கியிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் நாலு கிலோ நாயோடு கடைசி வரிசைக்குக் காத்திருந்தார். அவரை மாலை விமானத்துக்கு மாறச் சொன்னதும் மனுஷன் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். தங்கை எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை. "நாய்க்காக இங்க ஒருத்தி சண்டை போட்டாளாமே, அவளைக் கூப்பிடு! அவ நியாயம் சொல்லட்டும்!"

கூப்பிட்டார்கள். மேஸ்திரி எண்ணெய்க்கறை படிந்த உடுப்போடு படியேறி வந்தாள். பைக்குள்ளிருந்து நாய் வலைத்துணி வழியாக மூக்கை நீட்டி அவள் விரலை மோந்தது. கடைக்காரர் தனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்து நின்றார்.

"நீங்க மாலை விமானத்துலதாங்க போகணும்" என்றாள் அவள்.

"நீதானே நாயை மேல விடணும்னு குதிச்சே? இப்ப நீயே இறக்கி விடுறியா?"

"ஆமாங்க. நான் குதிச்சதாலதான் நானே இறக்கி விடுறேன். உங்க நாய் அஞ்சு மணி நேரம் காத்திருக்கும். அந்தப் பொண்ணோட நெஞ்சு அஞ்சு நிமிஷம்கூடக் காத்திருக்காது. இந்த விதியை இன்னைக்கு நீங்க உடைச்சீங்கன்னா, நாளைக்கு எல்லா நாயும் மறுபடி கீழதான் போகும். உங்களுதும் சேர்த்து."

"எனக்குக் கடையில வேலை கிடக்கு."

"கடைக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். நம்பர் குடுங்க."

கையை நீட்டியபடி அவள் அப்படியே நின்றாள். மனுஷன் முணுமுணுத்தார், வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அசைகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நாற்காலிப் பக்கம் போனார். அந்த இளம்பெண்ணுக்கு இப்படியொரு தகராறு நடந்ததே தெரியாது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவள் பாட்டுக்கு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

தங்கை கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ மேலயே வந்துடு. எங்களுக்கு உன்னை மாதிரி ஒரு ஆள் வேணும்."

"போடி. இந்தச் செருப்போட என்னை அங்க விடுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள் மேஸ்திரி. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

மூன்று மாதம் ஓடியது. புகார்கள் வரத்தான் செய்தன. ஒருவர் வாடை என்றார், ஒருவர் குரைப்பு என்றார், ஒருவர் நாயைக் கண்டாலே பயம் என்றார். ஆனால் மூச்சுத் திணறியவர் ஒருவரும் இல்லை. மூன்று மாதத்தை ஒரு வருடமாக நீட்டினார்கள். கூட வேலை செய்கிறவர்கள் மேஸ்திரிக்குக் கைகொடுத்தார்கள். அவளோ அந்தப் பேச்சையே வளர்க்கவில்லை. ஏழு கிலோவுக்கு மேற்பட்ட நாய்கள் இன்னும் கீழேதான் வந்தன. விமானத்தில் ஏற்றும் நேரம் வரும்வரை அவை வெட்டவெளியில்தான் கிடந்தன.

கூண்டுகளுக்கு நிழல் தர நாலு கம்பமும் ஒரு கூரையும் போதும் என்று படம் வரைந்து எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தானே ஒண்ணு முடிஞ்சுது? அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார்.

"திங்கட்கிழமை வரேன் சார்" என்றாள்.

திங்கட்கிழமை போனாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனாள். அந்தத் தடவை தங்கையும் கூடப் போனாள்.