டென்டர் மைதானத்தின் இரண்டு கம்பங்கள்

1

ஆறரைக்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். ஒரு கோப்பை. ரொட்டியைக் கருக்கி, சுரண்டித் தின்றேன். மழையா என்று பார்த்தேன். மழைதான்.

வேறு தொடக்கங்களும் எழுதினேன். ஒன்று 'விக்டோரியா மகாராணியின் காலத்தில்' என்று தொடங்கியது. அடித்துவிட்டேன். மகாராணிக்கு இதில் வேலை இல்லை.

எழுதக் காரணம் இது. எங்கள் ஊரின் தொலைந்துபோன 'டென்டர்' என்ற கால்பந்து மைதானத்தைப் பற்றி என் மனைவி பெத்தனி ஒரு சிறு நூல் எழுதினாள். கடைசி வாக்கியத்தின் பாதியில் இறந்துபோனாள். [தவறு. மருத்துவமனையில், ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள்.] அந்த வாக்கியம்:

"மில் தெருவின் பின்னால் நிற்கும் இரண்டு இரும்புக் கம்பங்கள் உண்மையில்"

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான் முடிக்க வேண்டும்.

2

வரலாறு. 1879 முதல் நூற்பாலைக்காரர்கள் அங்கே ஆடினார்கள். உடை மாற்றியது பப்பில். அதனால் இரண்டாம் பாதியில் பெரும்பாலும் ஒன்பது பேர்தான். 1889இல் கழகம் கலைந்தது, வீடுகள் எழுந்தன. மைதானம் இருந்த இடம் யாருக்கும் தெரியாது, வில்ஃப் கிரிம்ஷாவைத் தவிர.

வில்ஃபுக்கு எண்பத்தொன்று. அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே ஒரு கோல் அடித்தார். [சேம்சைடு கோல் என்கிறது அன்றைய செய்தித்தாள். வில்ஃபிடம் யாரும் சொல்லவில்லை.]

"அப்பல்லாம் கோலுக்கு மேல கட்டை கிடையாது தம்பி, நாடாதான் கட்டுவாங்க. கம்பத்துத் தலையில பாரு, நாடா ஓடின பள்ளம்!"

ஆறு வருடமாக அந்தக் கம்பத்தில் கழகத்தின் நீலக் கழுத்துத்துண்டைக் கட்டி, தொப்பியைக் கழற்றி நிற்கிறார்.

3

பெத்தனியின் காகிதங்களில் ஒரு கட்டட வரைபடம். 1904. இரண்டு கம்பங்களும் அதில் இருக்கின்றன. அருகில் குறிப்பு: 'புதிது. துணி காயப்போடும் கொடிக்கு.'

அந்தப் படம் கிடைத்த பிறகும் அவள் பதினொரு நாள் வீட்டில்தான் இருந்தாள். 'உண்மையில்' என்ற சொல்லைத் தாண்டவில்லை.

4

முடிவு அ: 'துணி காயப்போடும் கம்பங்கள்.' படித்த வில்ஃப் கழுத்துத்துண்டை அவிழ்த்து, நான்காக மடித்து,

(இதற்கு மேல் எழுதவில்லை.)

முடிவு ஆ: 'கோல் கம்பங்களே.' பெத்தனியின் பெயரில் பொய். காற்புள்ளிக்கே சண்டை போடுகிறவள்.

5

நேற்று வில்ஃப் வந்தார்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

"அரை வரிக்கு ஆறு வாரமா? எங்க கொள்ளுத்தாத்தா அரை நிமிஷத்துல கோல் போட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"பக்கமென்ன பக்கம்! கோல்னா கோல்தான்."

பிறகு குரல் தணிந்தது.

"அந்தப் பொண்ணு கடைசியா கம்பத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா?"

"உங்களைப் பத்தித்தான் சொன்னா."

அவர் நெடுநேரம் மூக்கைச் சிந்தினார். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அந்த வரியைப் பாதியிலேயே அச்சுக்கு அனுப்புகிறேன். அதன் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பிரதியை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். வில்ஃப் அவருடையதை நிரப்பிக்கொள்வார்.

நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை. அவள் இறப்பதற்கு முந்தின நாள், திங்கள் மாலை, வார்டு வாசலில் அவர் குரல் கேட்டது. பெத்தனி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வில்ஃப் வர்றாரு. நான் தூங்கிட்டேன்னு சொல்லுடா."