லேசாக வைத்த ஆணி

மேல்மாடியில் இரும்புத் தட்டுகள் விழுந்த அதிர்வில் அசனார் காக்காவின் இரும்புக்கடை முகட்டிலிருந்து தூசு கொட்டியது. கூடவே ஒரு பெண்குரல், "உம்மோ!" என்று.

கடைவாசலில் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த நிஸ்தாருக்குக் குற்றவாளி யாரென்று உடனே விளங்கிவிட்டது. மாடியிலிருந்த ஜிம் அவனுடையது. முதல்நாள் பின்னேரம் அங்கு வந்த பொடியன்களுக்கு முன்னால், நாற்பத்தாறு வயதிலும் தன் தொடை என்ன தொடை என்று காட்டுவதற்காக, பின்தொடைக்கான லெக் கர்ல் மெசினில் கனத்தை ஏற்றித் தூக்கினான். தூக்கியது ஒரே தரம். பிறகு யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். காலையில் ஜிம்மைத் திறந்தபோதும் அந்த வலி இருந்ததால் குனியவில்லை. குனியாததால், எத்தனை தட்டு எழும்பவேண்டும் என்று வைக்கும் அந்த மெசினின் ஆணியை லேசான இடத்துக்கு மாற்றவில்லை.

நொண்டியபடியே படிகளில் ஓடினான். கடைசிப் படியில் நின்றுவிட்டான். அங்கே ஒரு பச்சைத் திரை தொங்கியது. காலையில் கடை திறக்கும் நேரத்திலிருந்து மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பெண்களின் நேரம். அந்த நேரத்தில் தன் சொந்த ஜிம்மிலேயே அவனுக்கு எல்லை அந்தக் கடைசிப் படிதான். அதனால்தான் பெண்கள் வருமுன்பே எல்லா மெசினுக்கும் எண்ணெய் தடவி, ஆணிகளை லேசான இடத்தில் குத்திவிட்டுக் கீழே இறங்கிவிடுவான். வாவிக்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்து, ஆணி லேசில் கழலாது. காலையில் ஆணி எப்போதும் லேசில்தான் இருக்கும் என்பது பெண்களுக்குப் பழகிவிட்டது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

"றஸீனா! ஆரு அது?" என்று திரைக்கு வெளியிலிருந்து கத்தினான்.

உள்ளே பெண்களைக் கவனித்துக்கொள்பவள் அவன் மனைவி றஸீனா. "ஸுஹைனா டீச்சர். பின்தொடை புடிச்சிட்டு," என்றாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"டீச்சர மல்லாத்திப் படுக்க வெய். கால நேரா நீட்டி, பெருவிரல முகத்துப் பக்கம் மெல்ல இழு."

"ஆர்ட முகத்துப் பக்கம்?"

"டீச்சர்ட முகத்துப் பக்கம்தான். என்ட முகம் இஞ்ச திரைக்கு வெளியில நிக்கிது."

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். நிஸ்தார் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சிரிப்புகளைப் பிரித்துப் பார்த்தான். றஸீனாவின் சிரிப்பு அதில் இல்லை.

"நிஸ்தார் காக்கா!" டீச்சருக்குக் குரல் திரும்பிவிட்டது. "இத எனக்கு வெச்சிங்களா, இல்லாட்டி ஓட்டமாவடிப் பாலத்தத் தூக்க வெச்சிங்களா?"

"உங்கட பலத்த நான் கொஞ்சம் கூடுதலா மதிச்சுப்போட்டன் டீச்சர்."

"மதிச்ச ஆளு வெளியில நிண்டு கதைக்கிறார். பாருங்க கா!" என்றாள் மற்றப் பெண்களிடம்.

டீச்சர் ஒரு பக்கம் றஸீனாவையும் மறுபக்கம் சுவரையும் பிடித்துக்கொண்டு இறங்கி, ஓட்டோவில் ஏறும்வரை அவனை ஏசிக்கொண்டே போனாள். அவன் ஓட்டோவின் பின்னால் நின்று தலையை ஆட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான். றஸீனா மேலே ஏறினாள். படி ஏறும்போது அவள் வலதுகாலை இழுக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

போன வருடம் அவள் குவைத்தில் வீட்டுவேலையை விட்டு வந்தபோது அந்தக் கால் இழுத்தது. வேலைசெய்த வீட்டில் கழுவிய சலவைக்கல் படியில் வழுக்கி, பின்தொடைத் தசை கிழிந்து, முழங்காலும் பிசகிவிட்டது. "பொம்புளையளுக்கு முன்தொடை வேலை செஞ்சு செஞ்சு பலமாயிரும், பின்தொடை பின்னுக்கு நிண்டுரும். முழங்கால் அதாலதான் ஆடுது. பின்தொடைக்கு மெசின்ல கனம் குடுங்க," என்றார் டொக்டர். நிஸ்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் அவன் கையில் இருந்த ஒரே மருந்து அதுதான். அவளைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலுக்கு மேலே உருளையைப் பொருத்தி, காலைப் பின்னுக்கு மடக்கும்போது தட்டுகள் எப்படி எழும்புகின்றன என்று அவனே காட்டிக்கொடுத்தான்.

ஒருநாள் அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் போனில் அழைத்தான். கால் சரியாகிவிட்டால் சொல்லட்டுமாம், அந்த வீட்டு மேடம் இன்னும் அவளைத்தான் கேட்கிறாளாம்.

"போறயா?" என்று கேட்டான் நிஸ்தார்.

"பாப்பம்," என்றாள்.

அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னாள். சோற்றுக்கு ஆணமா, சுண்டலா? பாப்பம். கல்குடாவுக்குப் போய்க் கடலைப் பார்ப்போமா? பாப்பம். சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். கூப்பிட்டால் வந்தாள். வாவியில் வெயில் விழுந்து பளபளக்கும்போது, எதிரே சுவர் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பாள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன்னிடமிருந்த பகிடியெல்லாம் விட்டுப் பார்த்தான். கலியாண வீடுகளில் ஆட்களைப் பாயில் உருளவைத்த பகிடிகள் அவை. அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "மறுகா?" என்பாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

ஏஜென்சியின் போன் வந்த அன்றிலிருந்துதான் அந்த மெசினின் ஆணியை இன்னும் மேலே, அடுத்த தட்டில் குத்தத் தொடங்கினான். ஆணிக்கு மேலே இருக்கும் தட்டுகள்தான் எழும்பும். மேலே போகப் போகக் கனம் குறையும். "ஆறுற தசைக்கு இதுதான் அளவு," என்று டொக்டரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். ஊரிலுள்ள பெண்களின் கால்களெல்லாம் பலமாக வேண்டும் என்று பலகை எழுதி மாட்டியவன், தன் பெண்டாட்டியின் கால் மட்டும் கொஞ்சம் பிந்தித் தேறட்டும் என்று நினைத்தான். இப்படி ஒரு ஜிம்காரன் இந்த நாட்டில் வேறு இருப்பானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னடா, என்ட கடைய இடிச்சு உன்ட ஜிம்முக்குப் படி கட்டப் போறியா?" என்றார் அசனார் காக்கா, தோளில் விழுந்த தூசைத் தட்டியபடி.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண்ணும் போய்விட்டாள். மற்ற நாட்களில் அதற்குள் நிஸ்தார் லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பான். இன்று அதற்குப் பிறகும் மேலே தட்டுச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவனுக்கு அத்துப்படி. லேசான தட்டு 'கிண்' என்னும். கனம் கூடக்கூட அது 'தொம்' என்று அடங்கும். இப்போது கேட்டது 'தொம்'. அவசரமில்லாமல், ஒரே சீராக, ஏறும்போதும் சத்தம் பிசகாமல், இறங்கும்போதும் பிசகாமல்.

படியேறிப் போய்த் திரைக்கு வெளியே நின்றான்.

"றஸீனா, ஆணி எங்க கிடக்கு?"

"நீங்க வெக்கிற இடத்தில இல்ல."

"எப்ப தொட்டு?"

"நீங்க லேசாக்கின நாளில இரிந்து. அதில கால வெச்சா இலையான் பறந்து வந்து குந்தின மாதிரி இரிந்த. கனத்தக் கூட்டிச் செஞ்சிட்டு, போகக்குள்ள திரும்ப உங்கட இடத்திலயே குத்திட்டுப் போவன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"ஏன் லேசாக்கின எண்டு நீங்களும் சொல்லல்லயே."

தட்டுகள் மெல்ல இறங்கி நின்றன. "ஆக்கள் ஒருத்தரும் இல்ல. உள்ளுக்கு வாங்க," என்றாள்.

உள்ளே போனான். அவள் மெசினின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு பகிடி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான். எதிரிலிருந்த பலகையில் உட்காரப் பார்த்து, தன் தொடை வலியில் முனகி, பாதியில் நின்றான். அந்த அரைக்குந்தலிலேயே கேட்டான்.

"போறயா புள்ள?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"இல்ல."

நிஸ்தார் பலகையில் தொப்பென்று விழுந்தான். வலிகூடத் தெரியவில்லை. "அப்ப இவ்வளவு கனம் எதுக்கு?"

"அங்க மேடம் பெல் அடிச்சா எழும்பி ஓடணும். கால் கிழிஞ்ச அண்டைக்கும் ஓடினன். இஞ்ச வந்தும் கதிரையில இரிந்துதான் தொழுறன். நிலத்தில குந்தணும். ஆரும் கூப்பிடாம, என்ட பாட்டுக்கு, ஒண்டையும் புடிக்காம எழும்பணும். அதுக்குத்தான்."

"எனக்காகவும் கொஞ்சம் எண்டு வெச்சுக்குவமா?" பாதிப் பகிடியாகத்தான் கேட்டான். மற்றப் பாதி அவன் குரலில் நடுங்கியது.

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், மெசினில் தட்டை இறக்குவதுபோல யோசித்தாள்.

"உங்களுக்காக எண்டு சொன்னா அது பொய். வந்த நாளில இரிந்து எனக்குச் சந்தோசமும் இல்ல, கவலையும் இல்ல. உள்ளுக்கு ஒண்டுமே தெரியிதில்ல. உங்கட பகிடியெல்லாம் நல்ல பகிடி எண்டு விளங்கிது. சிரிப்புத்தான் வருகுதில்ல. அது எப்ப வருமெண்டு எனக்குத் தெரியா, வராமலும் போகலாம். ஆனா இஞ்சதான் இரிக்கணும் எண்டு மட்டும் தெரியிது. ஏஜென்சிக்காரனுக்கு நேத்துப் போன்ல சொல்லிட்டன். நான் போகமாட்டன்."