முப்பத்தாறு கட்டங்கள்

என் தம்பி திருஞானசம்பந்தம் தன் மகளை வேதக்காரப் பையனுக்குக் கட்டிக்கொடுத்த மறுநாள், வீட்டு மின்சாரத்தில் அவன் பங்கை நான் நிறுத்தினேன். 1993ஆம் வருஷம் ஆனி மாதம்.

திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு அப்பா காலத்திலேயே நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தென்பாதி எனக்கு, வடபாதி அவனுக்கு. ஆனால் மீட்டர் ஒன்றுதான், அது என் பக்கம் இருந்தது. வீட்டு வரியும் என் பெயரில்தான். அவன் தனி இணைப்பு வாங்க வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும். அவனுக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். சித்ரலேகா இந்தக் குடும்பத்துப் பெண் இல்லை, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று எழுதிக் கொடுக்கட்டும். அவன் கையெழுத்துக்கு என் கையெழுத்து. அவன் சண்டை போடவில்லை. சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு அரிக்கேன் விளக்கு வாங்கி வந்தான்.

நான் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். தில்லைநாயகம் பிள்ளை என்றால் நான்கு ரதவீதியிலும் எழுந்து நிற்பார்கள். எனக்கும் பிருந்தா என்று ஒரு மகள் இருந்தாள், இருபத்திரண்டு வயது, ஜாதகம் வெளியே போயிருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் பக்கத்துப் பாதியில் ஜோஷுவா என்ற கிறிஸ்தவ மருமகன் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தால் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போவார்கள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் செய்ததை நான் செய்ததாகவே எழுதுகிறேன்.

சம்பந்தம் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியன். சிறு வயதிலிருந்தே கம்பியும் பற்றவைப்புமாகத் திரிந்தவன். ஆறு மாதம் அரிக்கேன் விளக்கில் கழித்தான். தை மாதத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து பஸ் கூரையில் கட்டி ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்தான். ஏதோ ஒரு கிராமத்துத் தெருவிளக்குத் திட்டம் நின்றுபோய் ஏலத்துக்கு வந்த சூரியப் பலகை. அதை மாடியில் இரும்புக் கால்களில் தெற்குப் பார்த்துச் சாய்த்து நிறுத்தினான். கீழே ஒரு லாரி பேட்டரி. இரண்டு சிறு குழல் விளக்கு. பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே, அந்த விசிறி ஒன்று. கறுப்புப் பெயிண்ட் அடித்த பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு வெயிலிலேயே பருப்பு வேகவைக்கவும் அவன் மனைவி கோமுவுக்குக் கற்றுக்கொடுத்தான். என் உதவி இல்லாமல் என் வீட்டிலேயே ஒருவன் வாழ்ந்து காட்டுகிறான் என்று தெருவில் பேச்சு வந்தது.

எல்லாம் பூட்டி முடித்த அன்று என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. மாடியில் எங்கள் இருவர் பாதிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். நான் என் பக்கம் நின்றேன், அவன் தன் பக்கம் நின்று விளக்கினான். பலகையில் நீலநிறத்தில் முப்பத்தாறு கட்டங்கள். மாலை போல ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு மீட்டரைத் தொடுத்து முள்ளைக் காட்டினான். பிறகு சிறுபிள்ளை வித்தை காட்டுவதுபோல ஒரே ஒரு கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். முள் விழுந்தது.

"பாத்தேளா அண்ணாச்சி? ஒண்ணு மறைஞ்சாப் போதும். மத்த முப்பத்தஞ்சும் நல்லா இருந்தும் பிரயோசனம் இல்ல."

"இதைத்தாம்லே நான் உனக்கு ஆறு மாசமாச் சொல்லுதேன்" என்றேன்.

அவன் கையை எடுத்தான். முள் ஏறியது.

மறுநாளிலிருந்து காக்கைக்குச் சோறு வைக்கும் இடத்தை மாற்றினேன். எங்கள் வீட்டில் தினமும் பித்ருக்களை நினைத்துக் காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகே இலை போடுவோம். அதுவரை பின்கட்டுக் கிணற்றுச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தோம். இனி மாடி நடுச்சுவரில், அந்தப் பலகைக்கு நேரே வைக்கச் சொன்னேன். பிடி அளவையும் கூட்டினேன். பருப்பு, நெய், வெள்ளிக்கிழமைகளில் உளுந்து வடை. டவுனில் உள்ள காக்கையெல்லாம் பத்து மணிக்கே வந்து காத்திருந்தன. உட்கார அவற்றுக்கு அந்தப் பலகையின் மேல்விளிம்பைவிட வசதியான இடம் இல்லை.

கண்ணாடியில் எச்சம் விழுந்தால் வெயிலில் அரைமணி நேரத்தில் சுண்ணாம்பாக இறுகிவிடும். சம்பந்தம் காலையில் கழுவிவிட்டு வேலைக்குப் போவான். அதன்பிறகுதான் காக்கைகள் வரும். கோமுவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. சாயங்காலம் அவன் வந்து பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வெள்ளையாக இருக்கும். ஏழு மணிக்கெல்லாம் அவர்கள் விளக்கு சிவந்து, எட்டு மணிக்கு அணைந்துவிடும். பாதி வயிற்றோடு கிடந்து கிடந்து சித்திரை மாதம் அந்த பேட்டரி செத்தது. அவன் இன்னொன்று கொண்டுவந்தான். வாளியும் தென்னை நாருமாக அவன் படியேறுவதைத் தினமும் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? காக்கை ரூபத்தில் வருவது எங்கள் அப்பா. அப்பா எச்சமிடுகிறார் என்று எந்த மகன் புகார் சொல்வான்?

கேட்டது கோமுதான். ஆடி மாதம் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றாள். சித்ரலேகாவுக்கு ஏழு மாதம் நடக்கிறது என்றும், ஆவணியில் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போவதாகவும் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி இருட்டில் தடுமாறக் கூடாது என்று, பொழுது சாய்ந்தால் தானே எரியும்படி உள்ளறை விளக்கைத் தம்பி அமைத்திருக்கிறானாம். சோற்றைப் பழையபடி கிணற்றடியில் வைக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"அப்பா வந்து உக்காருத எடத்துலதானம்மா வைக்க முடியும்" என்றேன்.

"ரெண்டு விளக்கும் ஒரு விசிறியுந்தான் அத்தான். வேற ஒண்ணும் வேண்டாம். அவ வந்து பெத்து எடுத்துட்டுப் போயிருவா."

"அவன் ஒரு கையெழுத்துப் போடட்டும். வீடு பூரா விளக்குப் போட்டுக்கிடலாம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கிப் போனாள். வளைகாப்பு ஆவணி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்று தெருவில் பலருக்கும் சொல்லியிருந்தார்கள். ஏழெட்டு உறவுக்காரப் பெண்கள் வருவதாக ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். சம்பந்தத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு இரக்கம் ஊறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வந்து தங்கிவிட்டால் பிறகு நான் பேச ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, அப்பாவின் திதி.

முப்பது பேர் வந்திருந்தார்கள். சீவலப்பேரியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், எண்பது வயது, எங்கள் வகையறாவில் அவர் வார்த்தைதான் கடைசி. திதிச் சோற்றை எப்போதும் கிணற்றடியில்தான் வைப்போம். அன்று நான் மாடியிலேயே வைத்தேன். காக்கைகளுக்கு அந்த இடம் பழகிவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு இலையில் சோறு வைத்துத் தண்ணீர் சுற்றிக் கூப்பிட்டேன்.

ஒரு காக்கையும் வரவில்லை.

வடக்கே அடுத்த வீட்டு வேப்பமரத்தில் ஐம்பது அறுபது உட்கார்ந்து கத்தின. பறந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு மரத்துக்கே திரும்பின. ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கீழே போட்ட இலைகள் காய்ந்தன. சித்தப்பாவுக்குச் சர்க்கரை, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. யாரோ மெதுவாகச் சொன்னார்கள், இளைய மகனைத் தள்ளிவைத்துவிட்டுத் திதி கொடுத்தால் பெரியவர் எப்படி எடுப்பார் என்று. அதற்குப் பிறகு அது மெதுவாகச் சொல்லப்படவில்லை.

சித்தப்பா என்னைப் பார்த்துச் சொன்னார், "ஏலே தில்லை, உங்க அப்பனுக்கு மனசு ஆறல. சம்பந்தத்தைக் கூப்பிடு. அவன் கையால வைக்கட்டும். அந்தப் பிள்ளையும் வந்து பெத்துட்டுப் போகட்டும். நான் சொல்லுதேன்."

அவர் சொன்னபின் மறுப்பேது. என் மைத்துனன் ஸ்கூட்டரில் போய்ச் சம்பந்தத்தை அழைத்துவந்தான். வழியிலேயே விஷயத்தைக் கேட்டிருக்க வேண்டும். அவன் கண் கலங்கியிருந்தது. கிணற்றில் ஒரு வாளி ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு என் பக்கத்துப் படி வழியாக ஏறி வந்தான். ஒன்றே கால் வருஷத்தில் என் படியை அவன் மிதித்தது அன்றுதான். சித்தப்பா அவன் தோளில் கை வைத்தார். நான் தோற்று நின்றேன். அதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் அவன் நடுச்சுவரில் இருந்த இலையைப் பார்த்தான். இலையிலிருந்து பார்வை பலகைக்குப் போயிற்று. முகம் வெளிறிவிட்டது.

அவன் பார்த்த இடத்துக்கு நான் போனேன். அறுபத்தொரு வயதில் அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்தேன். பலகையின் முதுகுப்புறம், எங்கள் பக்கத்துக்குத் தெரியாதபடி, இரும்புக் காலில் ஒரு காக்கை தலைகீழாகத் தொங்கியது. நெல் காயப்போடும் களத்தில் மற்றக் காக்கைகள் அண்டாமல் இருக்கக் கட்டுவார்களே, அதுபோல. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேட்டரி நிரம்ப வேண்டுமென்று காலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். திதிச் சோறு கிணற்றடியில் இருக்கும் என்று நம்பியிருக்கிறான்.

காலைப் பிடித்து அவிழ்த்தேன். பிடித்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. கால் குடைக்கம்பி. உடம்பு பழைய குடைத்துணியைச் சுருட்டித் தைத்தது. இறகுபோல ஓரங்களைக் கத்தரித்திருந்தான். கைவேலையில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

அதைத் தூக்கி எல்லோருக்கும் ஒரு கணம் காட்டினேன். பிறகு என் ஈரத்துண்டில் வைத்துச் சுற்றிவிட்டேன்.

"அண்ணாச்சி, அது குடைத்துணி" என்றான் சம்பந்தம். "சித்தப்பா, பிரிச்சுப் பாருங்க. நான் உசிரு எதையும் கொல்லல."

நான் சித்தப்பாவிடம் துண்டை நீட்டினேன். "திதியன்னைக்கு அப்பாவைத் தலைகீழாத் தொங்கவிட்டுட்டுக் குடைத்துணிங்கான். பிரிச்சுப் பாக்கேளா சித்தப்பா?"

அவர் ஓர் அடி பின்னே போனார். திதி வீட்டில் செத்த காக்கையைத் தொட எந்தச் சைவப் பிள்ளை கை நீட்டுவான்? இத்தனை மாதமும் அவன் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று ஏன் கட்டினான் என்று சொல்லத் தொடங்கியபோது கேட்க ஆள் இல்லை. எல்லோரும் குளிக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் படியில் நின்று திரும்பிச் சம்பந்தத்தைப் பார்த்து, "நீ எங்க அண்ணனுக்குப் பொறந்தவன் இல்லலே" என்றார்.

சோற்றைப் பசுவுக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. சித்ரலேகாவை ஏற்றித் தெருமுனைவரை வந்த கார் திரும்பி, அவள் புகுந்த வீடிருக்கும் பாளையங்கோட்டைக்கே போனதாகக் கேள்விப்பட்டேன். புதன்கிழமை சம்பந்தமும் கோமுவும் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மகள் வீட்டுப் பக்கம் ஒரு வாடகை அறையாம். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது என்றார்கள். நான் போகவில்லை. காக்கைச் சோற்றை மறுபடியும் கிணற்றடிக்கு மாற்றச் சொன்னேன்.

மார்கழி கழிந்து தையில் பிருந்தாவைப் பெண் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். பேசி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலுக்கு வந்து விடைபெறும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் வடபாதியைப் பார்த்தார். பூட்டிய கதவின் மேல்சாளரத்தில் வெளிச்சம் தெரிந்தது. காக்கைகள் வராமல், ஐப்பசி மழையில் கழுவுண்டு, பலகை சுத்தமாகியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்காக அவன் அமைத்த விளக்கு தானே எரிந்துகொண்டிருந்தது.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல" என்றேன்.

அவர்கள் போனபின் இரும்புப் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தேன். அதை நான் ஆற்றில் விட்டதாகத்தான் வீட்டில் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடிக்குப் போய் உள்ளே இருந்த காக்கையின் தையலைப் பிரித்துத் துணியை விரித்தேன். நாலாய் மடித்து, மேல்வரிசையில் ஓரத்துக் கட்டத்தின் மேல் வைத்து, அதன் கம்பியாலேயே இறுக்கிக் கட்டினேன்.

மற்ற முப்பத்தைந்தையும் மூட வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் விளக்கு எரியவில்லை. தென்காசிக்காரர்கள் பங்குனியில் முகூர்த்தம் குறித்தார்கள்.