சரவிளக்கை விழவைக்க முடியாத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சரவிளக்கை விழவைப்பதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அக்கா தன் புது வீட்டுக் கூடத்தில் ஒன்றை மாட்டியிருந்தாள். சின்னக் கூடம், தாழ்ந்த கூரை, நடுவே அரண்மனைக்குச் செய்த மாதிரி மூன்றடுக்குக் கண்ணாடி. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே கதையும் வந்தது. விளக்கு விழும், கண்ணாடி சிதறும், ஆசைக்கு ஓர் அளவு வேண்டும் என்று வாசகர் தலையாட்டுவார். எனக்கும் வேலை சுலபம்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் பட்டதும் கண்ணாடிச் சரங்கள் ஆயிரம் வைரங்களாக..." (அடித்துவிட்டேன். ஒரு வைரத்தைக்கூட நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.)

இரண்டாவது: "அந்த வீட்டில் எல்லோரும் தலைகுனிந்தே நடந்தார்கள்." நல்ல வரிதான், ஆனால் பொய். அக்கா குள்ளம், நிமிர்ந்துதான் நடந்தாள். குனிந்தது அத்தான் மட்டும்.

மூன்றாவது, ஜோடனை இல்லாமல்: கூடத்தின் கூரையில் ஒரே ஒரு கொக்கி இருந்தது. அதில் ஃபேன் மாட்டலாம், இல்லையென்றால் சரவிளக்கு மாட்டலாம்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"ஒரு கொக்கிதாங்க இருக்கு. ஃபேனா, இதுவா?"

"இதுதான்," என்றாள் அக்கா.

"அப்ப காத்து?" என்றார் அத்தான்.

"ஜன்னல் எதுக்கு இருக்கு?"*

அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன். கத்தவைத்தேன், மேசையைக் குத்தவைத்தேன். ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வர்றவங்கதான் சிரிக்கிறாங்க" என்று சொல்கிற ரகம். அந்த ரகத்தோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எலக்ட்ரீஷியனை மறுபடி வரச் சொல்லிவிட்டார். விளக்கு இறங்கும், ஃபேன் ஏறும்.

(* மேசை ஃபேன் ஒன்றை அக்கா அன்றே வாங்கிவிட்டாள். அதன் காற்று கணுக்காலுக்கு மேல் வருவதில்லை என்பது அத்தானின் கட்சி.)

4

நான் எழுதிய முடிவை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். விளக்கு விழும் இடம் வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"விழாதுடா. மாட்டுறதுக்கு முன்னாடி ஏணியில ஏறி அந்தக் கொக்கியை நானே ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கிப் பார்த்துட்டேன். எலக்ட்ரீஷியன்தான் பயந்து கத்திட்டார்."

"சரி, அத்தான் மனசு மாறிடுறார்னு வெச்சுக்கலாமா?"

"உங்க அத்தானா? யாருடா நம்புவாங்க?"

"இல்லேன்னா நீயே பெருந்தன்மையா விட்டுக்கொடுத்து, கழட்டி..."

அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அப்பா வீட்டுல சுவருக்கு என்ன கலர்னு என்னைக் கேக்கலை. வாடகை வீட்டுல ஆணி அடிக்கக்கூடாதுன்னாங்க. இங்க ஜன்னல் துணி மாமியார் எடுத்தது, சோபா அவர் எடுத்தது. நான் கேட்டு வந்தது இது ஒண்ணுதான். எல்லாரும் இறக்கச் சொல்றாங்க. நீ கதையிலயுமா இறக்குவே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வைத்திருந்த முடிவுகள் அத்தனையையும் கிழித்துக் காற்றில்... (வேண்டாம், அப்படி எழுதினால் நாடகமாகிவிடும். கணினியில் இருந்தன. அழித்தேன்.)

5

இப்போது எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். அத்தான் ஃபேன் இறக்கைகளைத் துடைத்து, மார்போடு அணைத்தபடி நிற்கிறார். விளக்குக்கு நேர் கீழே, ஏணி நிற்க வேண்டிய இடத்தில், அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா ஏணி போட்டுடுவேன்."

"தாராளமா போடுங்க," என்கிறாள் அக்கா. நகரவில்லை.

எலக்ட்ரீஷியன் அத்தானைப் பார்க்கிறார். அத்தான் என்னைப் பார்க்கிறார், எழுதுகிறவன் நான்தானே என்று.

'அக்கா பெருமூச்சுடன் எழுந்தாள்' என்று ஒரு வரி எழுதினால் போதும், கதை முடிந்துவிடும். எழுத மாட்டேன். முடிவு வேண்டியே தீரும் என்றால் கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்களே உள்ளே போய் அவளை எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.