தொப்போலினோவின் பெட்ரோல் வால்வு

1

இடுப்பு வலிக்கிறது. இந்தக் கதைக்கு வேறு பிறப்பிடம் கிடையாது. ஞாயிறன்று ஒரு 1938 ஃபியட் தொப்போலினோவை, அந்தக் குட்டிக் காரை, மேட்டில் தள்ளி ஏற்றினோம். மூன்று நாளாக ஒருக்களித்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘லாங்கே குன்றுகளின் மேல் வெயில் பொன்னாக உருகி—’

(அடித்துவிட்டேன். டூரினில் முப்பது வருடம் இரும்பு உருக்கியவன் நான். எது உருகினாலும் கொஞ்சம் தள்ளி நிற்கத்தான் தோன்றும்.)

இரண்டாம் தொடக்கம்: கார் எவாசியோவுடையது. பக்கத்தில் அவன் நண்பன் ரெமிஜியோ. பழைய கார் சங்கத்தின் ஞாயிறு ஓட்டம். காபிக்கு நிறுத்திக் கிளம்பிய அரைக் கிலோமீட்டரில் கார் இருமியது, நின்றது. மேட்டின் உச்சியில் சாப்பாட்டுக் கடை, அதுவரை தள்ளல்தான். அதன் வாசலில் எவாசியோவின் மனைவி ஒர்னெல்லா. போன மாதமே அவள் சொல்லியிருந்தாள்:

“இன்னொரு தடவை தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா, நேரா விக்கிற இடத்துக்கே தள்ளிருங்க.”

எவாசியோவும் சரியென்று கையடித்துக் கொடுத்திருந்தான்.

2

கடை வாசலில் சங்கத்து ஆட்கள் ஆறு பேர், காருக்கு ஏழு நோய்.

“கண்டன்சர் போயிருச்சுப்பா.”

“உன் மூளைதான் போயிருச்சு. கார்புரேட்டர் ஜெட்ல அடைப்பு.”

பல் டாக்டர் பவுதாஸ்ஸோ தோல் கையுறையைக் கழற்றாமலே, “எஞ்சின் கிழடாயிருச்சு எவாசியோ. என்கிட்ட குடுத்துரு, நான் பாத்துக்கறேன்” என்றார்.

பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.*

காருக்குள் விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்த ரெமிஜியோதான் பார்த்தான். மூடியிருந்தது. காபிக்கு இறங்கும்போது அவனே மூடியது; கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் அரைக் கிலோமீட்டருக்குத்தான் வந்தது. உலைக்கூடப் பழக்கம், இடத்தை விட்டு எழுந்தால் எட்டிய வால்வை மூடாமல் கை சும்மா இருக்காது.

(இப்படியும் ஒரு மடையன் உண்டா என்பீர்கள். உண்டு. ரெமிஜியோ என்று யாரும் இல்லை. அது நான்.)

சத்தமில்லாமல் திறந்தேன். டாக்டர் அப்போதுதான் ஜெட்டை ஊதி மாட்டியிருந்தார். எவாசியோ கிளப்பினான், உடனே பிடித்துக்கொண்டது. எல்லாரும் டாக்டருக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒர்னெல்லா தட்டவில்லை. “நினைச்சா ஓடுது, நினைச்சா நிக்குது. சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றான் எவாசியோ. பிறகு என்னிடம் மட்டும், “பதினோரு வருசம்டா. ஒவ்வொரு ஆணியா தேடி மாட்டினேன்.”

அப்போது அவன் முகத்தில்—

(தெரியாது. நான் பார்க்கவில்லை.)

* எங்கள் சங்கத்தில் அப்படிக் கேட்பது, ஒருவனிடம் அவன் அப்பா யார் என்று கேட்பது மாதிரி.

3

முடிவுக்கு வழி தேடினேன். ரெமிஜியோ எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறான், சிரிக்கிறார்கள், ஒயின் ஊற்றுகிறார்கள். எழுத எளிது, அந்த ஆறு பேர் முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

இல்லை, வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும். திறந்த வால்வில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

எவாசியோவே இந்தக் கதையைப் படித்து... உதிரிபாகப் பட்டியலைத் தவிர அவன் எதையும் படித்ததில்லை.

இன்று புதன். சனிக்கிழமை காலை பல் டாக்டர் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்துப்போக வருகிறார். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எவாசியோவுக்கு நான் பாக்கி வைத்திருப்பது ஒரு வாக்கியம்தான்: “வண்டியில ஒரு கோளாறும் இல்லடா, வால்வை மூடினது நான்.” அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.