ஐந்தாவது நிறம்

காலை ஒன்பது நாற்பதுக்கு அச்சாளரின் மனைவி போன் செய்தாள். தங்கைக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறாள், இன்று அச்சகத்துக்கு வர முடியாது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அந்த ஓவியர் அம்மாவ நாளைக்கு வரச் சொல்லிடுங்க. தனியா மட்டும் கைய வச்சிடாதீங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் ஓவியர் அதற்குள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

அவருடைய படத்தின் நாற்பது தாள்கள் காத்திருந்தன. நான்கு நிறங்கள் ஏறியாயிற்று. ஒரு நிறம் முடிந்ததும் அதற்கான வலைச் சட்டத்தை, அந்த ஸ்கிரீனை, படம் அழியக் கழுவிவிடுவது வழக்கம். திரும்பிப் போக வழியில்லை. இன்று ஐந்தாவது. பிசகினால் மூன்று வார வேலையும் குப்பை. ஏன் பிசகியது என்பதும் தெரிந்துவிடும். அதன் பிறகு யார் அச்சாளரிடம் படம் கொண்டுவருவார்கள்?

எட்டு மாதமாக அச்சாளருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சேறாகத் தெரிந்தன. நரம்பு என்றார் கண் மருத்துவர். மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவள் டப்பாக்களில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். அவர் எடை பார்த்து மை கலந்தார். தாளைக் காயப்போடும்போது அவள் திட்டுவாள், அதுதான் குறிப்பு. கைக்கு என்ன கேடு என்றால் சிவப்பு கூடிவிட்டது. தூங்கி வழிகிறீர்களா என்றால் பச்சை. வந்தவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஓவியரும் உள்ளே வந்ததும் அவளைத்தான் கேட்டார்.

"மேலிடம் எங்க, மாஸ்டர்? இன்னிக்கு உங்களுக்கு விடுதலையா?"

அச்சாளர் சிரித்துவைத்தார்.

சோதனைக்கெனக் கொஞ்சம் மை கலந்து முதல் தாளை அச்சடித்தார். ஓவியர் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். இலையோ பழமோ என்றால் ஊகித்துவிடலாம். இதில் இருந்தது ஒரு மூடாத வட்டமும் ஏழு பட்டைகளும்தான். எந்த நிறமும் எந்த இடத்திலும் இருக்கலாம்.

கொஞ்சம் செத்தாற்போல் இருக்கிறது என்றார் ஓவியர். அச்சாளர் கையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவரே கரண்டியை எடுத்து, ஏதோ ஒரு டப்பாவிலிருந்து வழித்து, மையில் கலக்கியிருந்தார். என்ன சேர்த்தோம் என்று குறித்துவைக்க வேண்டாமா என்று கேட்டார்.

முப்பது வருடப் பழக்கம். நாக்கு முந்திக்கொண்டது.

"எதுக்கு மேடம்? கண்ணுலயே இருக்கு."

அடுத்த தாள் ஓவியருக்குப் பிடித்துப்போயிற்று. ஓரத்தில் கையெழுத்திட்டுச் சுவரில் குத்தினார். இனி ஒவ்வொன்றும் அதைப்போலவே வரவேண்டும்.

பன்னிரண்டு தாள்களோடு மை தீர்ந்தது.

மேஜையில் சிவப்பும் பச்சையும் திறந்து கிடந்தன. இரண்டிலும் கரண்டி பட்ட தடம். ஓவியர் காயும் தாள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதைச் சேர்த்தீர்கள் என்று இப்போது கேட்க முடியாது. கண்ணிலேயே இருக்கிறது என்று சொல்லியாயிற்று.

வராந்தாவுக்குப் போய் மனைவியை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். அவள் போன் அணைந்திருந்தது.

உள்ளே வந்து முதலில் கலந்த அளவுக்கே எடை போட்டார். கடைசியில் சிவப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்தார். பச்சைக்கு மேலே கை ஒரு கணம் நின்றது. பிறகு சிவப்பையே சேர்த்துக் கலக்கினார். மையை இழுக்கும் ரப்பர் கட்டையைத் துடைத்துப் பிடித்து இழுத்தார். பதின்மூன்றாவது தாள் வந்தது. சுவரிலிருந்ததைப் பார்த்தார். அதுவும் சேறு, இதுவும் சேறு.

ஓவியர் வந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். மறுகையில் பன்னிரண்டாவது இருந்தது. இரண்டையும் அச்சாளரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாள்களுக்கு நடுவே தெரிந்த ஓவியரின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"ரெண்டுல எது சரி, மாஸ்டர்?"