பின்னறைக்கு ஓர் ஆட்டம்

"கைய எடுங்கய்யா!"

சொன்னதோடு நிற்காமல், கடைசல் எந்திரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கத்தைத் தூக்கிய சுமைகாரர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள். எந்திரத்தை எப்படித் தூக்குவது என்று அவர்களுக்குத் தெரியும். மேலே உட்கார்ந்திருக்கும் பொம்பளையை என்ன செய்வது?

நிலைப்படியில் சாய்ந்து நின்ற கொழுந்தன் கைதட்டினான். "பிரமாதம் அண்ணி. அப்படியே உட்காருங்க. உங்களையும் சேர்த்தே வண்டியில ஏத்திடச் சொல்றேன்."

மேசையில் கோலால் பந்தடித்துக் குழியில் போடும் அந்தப் பூல் ஹால் அவன் பெயரில் இருந்தது. அதன் பின்னறையில் பதினைந்து வருடமாக அவள் ஆட்டக்கோல் கடைந்துகொண்டிருந்தாள். ஆளின் உயரம், கைநீளம், பிடி எல்லாம் அளந்து, ஆளுக்கென்று ஒரு கோல். அறையை விட்டுக்கொடுத்தவர் ஹாலை நடத்திவந்த அவள் கணவர், வெறும் வாய்வார்த்தையாக. அவர் கண்ணை மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை, தம்பிக்கு அங்கே வீடியோ கேம் வைக்கும் ஆசை வந்துவிட்டது.

"இது உங்க அண்ணன் குடுத்த இடம்."

"அண்ணன் பாசத்துல ஆயிரம் சொல்லுவாரு. பத்திரம் இருக்கா? குச்சி சீவுறத வீட்டுல உக்காந்து சீவுங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் ஆட வந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு அவன் 'லேசர்'. அடித்தால் பந்து கோடு போட்டதுபோல் போகும். மூன்று வருடமாகப் போட்டிக் கோப்பை வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை.

அவள் குதித்து இறங்கினாள். "ஒரே ஒரு ஆட்டம் ஆடுவோம். தோத்தா நானே பூட்டிச் சாவியக் குடுக்கறேன். ஜெயிச்சா, இந்த அறைப் பக்கம் நீ ஆயுசுக்கும் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

"உங்களோடயா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "போங்க அண்ணி, ஊரு சிரிக்கும்."

"என்ன லேசரு, ஜகா வாங்குற?" கூட்டத்தில் எவனோ விசிலடித்தான்.

அவ்வளவுதான். சிரிப்பு நின்றது. "மேசையக் காலி பண்ணுங்கடா!"

"இரு. ஸ்டிக்க மாத்திக்கணும். என்னோடது உனக்கு, உன்னோடது எனக்கு."

"ரெண்டும் நீங்க செஞ்சதுதான? தொடப்பக்கட்டையக் குடுத்தாலும் அடிப்பேன்."

ஹால் மேனேஜர் பழைய போட்டி நோட்டீஸின் பின்பக்கத்தில் பந்தயத்தை எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தன் பங்குக்கு ஏழு பந்து, பிறகு கறுப்பு எட்டு. முதலில் முடிப்பவருக்கு ஆட்டம்.

அவன் முதல் அடியில் பந்தடுக்கை உடைத்தான். பந்துகள் சிதறி, இரண்டு குழியில் விழுந்தன. அடுத்தது சிவப்பு. வெள்ளை, சிவப்பு, மூலைக்குழி மூன்றும் ஒரே கோட்டில். தூக்கத்தில்கூட அவன் போடும் பந்து. தாடை கோலில் உரசக் குனிந்தான், இரண்டு முறை வெள்ளோட்டம், அடித்தான்.

சிவப்பு, குழியின் இடது வாயில் மோதி வெளியே நின்றது.

"புது ஸ்டிக்கு. கை பழகணும்ல?" என்றான், யாரும் கேட்காமலே.

அவள் அவசரப்படவில்லை. இடது உள்ளங்கையைத் துணியில் பதித்து, கட்டைவிரல் பள்ளத்தில் கோலை வைத்தாள். வெள்ளையின் நட்ட நடுவில் அடித்தாள். பந்து போன பிறகும் கோல் அதே கோட்டில் ஒரு சாண் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதுக்கு வழியில்லை. வெள்ளையை ஓரமாக ஒதுக்கிவிட்டு நகர்ந்தாள்.

"ஒளிஞ்சு ஆடுறீங்களா?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கோல்முனையில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தான். அப்படியும் அரை மேசை தூரத்தில் அவனுக்கு ஒரு நேர்ப்பந்து இருந்தது. அடித்தான்.

மறுபடி இடது வாய். மறுபடி வெளியே.

இந்த முறை யாரும் விசிலடிக்கவில்லை. அவள் மிச்சம் மூன்றையும் போட்டாள். கறுப்பை நடுக்குழியில் மெல்ல உருட்டிவிட்டு, சுமைகாரர்கள் பக்கம் திரும்பினாள். "எந்திரத்தை இருந்த இடத்துலயே வெச்சிடுங்க."

"ஃபிராடு!" அவன் கத்தினான். அண்ணியும் போயிற்று, மரியாதையும் போயிற்று. "இந்த ஸ்டிக்குல என்னமோ தில்லுமுல்லு பண்ணியிருக்கடி நீ!"

கோலை மேசைமேல் உருட்டிவிட்டான். வளைந்திருந்தால் துள்ளும். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சீராக உருண்டு போனது. மறுபடி உருட்டினான். ஒரு துள்ளல் இல்லை.

"அதுல ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள் அவள். கையிலிருந்த அவன் கோலைத் தூக்கிக் காட்டினாள். "வேலை பூரா இதுலதான் இருக்கு. நாலு வருசத்துக்கு முன்ன நீ பைக்குலருந்து விழுந்து கை முறிஞ்சு கட்டுப் பிரிச்சப்புறம், அடிக்கிற கடைசி நொடியில உன் கை உள்பக்கமா இழுக்குது. முனை வலது பக்கம் தவறுது, வெள்ளையும் வலது பக்கமாப் போயி அடிக்கிற பந்தை இடது பக்கம் தள்ளிடுது. உனக்கே தெரியாது. உங்க அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. அதுக்காக, இதோட முன்பாதிய மட்டும் கனமாக் கடைஞ்சேன். நீ வலது பக்கம் தவறுற அளவுக்கு இது வெள்ளைய இடது பக்கம் தள்ளும்; நட்ட நடுவுல அடிக்கிறவங்கள ஒண்ணும் பண்ணாது. பந்து நேராப் போயிடும்."

அவன் அந்தக் கோலைப் பிடுங்கி முன்பாதியைத் தடவிப் பார்த்தான்.

"கடைசி வரைக்கும் சொல்லிடாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே எனக்கென்ன? கட்டுப் பிரிச்ச நாள்லருந்து நீ ஒரு பந்தைக்கூட நேரா அடிச்சதில்ல."